கிளினிக் நாளும் அரைப் பேரும்: மலையகத்தில் ஓர் அறக்கட்டளை மானியம் பற்றிய நிகழ்வு ஆய்வு

இலங்கையின் மலையக நகரான அட்டனை மையமாகக் கொண்டு இயங்கும் ஒரு சிறிய இலாப நோக்கற்ற அமைப்பு, 2021ஆம் ஆண்டின் நடுப்பகுதியிலிருந்து மூன்று ஆண்டுகளுக்கு அமெரிக்கக் குடும்ப அறக்கட்டளை ஒன்றின் மானியத்தைப் பெற்றது. அதைக் கொண்டு அயல் தேயிலைத் தோட்டங்களில் பெண்களுக்கான சுகாதாரப் பணியையும், ஆவணங்கள் இல்லாத குடும்பங்களுக்கான சமூக சேவையையும் அது நடத்திய விதத்தை இவ்வாய்வு எடுத்துக்கொள்கிறது. அமைப்பின் பெயரும் அறக்கட்டளையின் பெயரும் இங்கு தரப்படவில்லை. இது ஒரே அமைப்பின் வரலாறும் அன்று. மலையகத்தில் இதே அளவில் இயங்கும் அமைப்புகளுக்குப் பொதுவாக நேர்வனவற்றைத் திரட்டி அமைத்த மாதிரி நிகழ்வாகவே இதை வாசிக்க வேண்டும். மானியத் தொகையைக் குறிக்கும் எண்கள் கணக்கின் போக்கு விளங்குவதற்காக எளிமையாக்கப்பட்டவை. சட்டங்கள், ஆண்டுகள், நாட்டளவிலான புள்ளிவிவரங்கள் ஆகியவை உள்ளபடியே தரப்பட்டுள்ளன.

பின்னணி

தோட்டத் தொழிலாளரின் உடல்நலத்துக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி ஒரு நூற்றாண்டுக்கு மேலாக இழுபட்டு வருகிறது. 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் அந்தப் பொறுப்பின் பெரும் பகுதியைத் தோட்ட நிர்வாகத்தின்மீது வைத்தது. டிஸ்பென்சரியும் தோட்ட வைத்திய உதவியாளரும் பிள்ளை மடுவமும் (தாய்மார் வேலைக்குப் போகையில் குழந்தைகளைப் பராமரிக்கும் இடம்) அந்த ஏற்பாட்டின் வழியே வந்தவை. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழ் மக்களை நாடற்றவர்களாக்கிய பிறகு, அரசின் சேவைகளைக் கேட்டுப் பெறும் உரிமையும் அவர்களிடமிருந்து நழுவியது. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாகி, 1992இல் அவற்றின் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டபோது, தொழிலாளரின் வீடமைப்பையும் நலன்களையும் கவனிக்க அரசு, கம்பனிகள், தொழிற்சங்கங்கள் மூன்றும் சேர்ந்த ஒரு நம்பிக்கை நிதியம் உருவாக்கப்பட்டது. இன்று அது பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் என்ற பெயரில் இயங்குகிறது. உள்ளூராட்சியின் நிலையோ வேறு. பிரதேச சபைகள் தமது நிதியைத் தோட்டப்புறத்தில் செலவிடுவதற்கு 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு தடையாக இருந்தது. அந்தப் பிரிவு 2018ஆம் ஆண்டில்தான் திருத்தப்பட்டது.

அரசாங்கம், தோட்டம், உள்ளூராட்சி ஆகிய மூன்றுக்கும் நடுவில் கிடந்த இந்த வெளியில்தான் தொண்டு அமைப்புகள் கால் ஊன்றின. கண்டியில் 1972இல் அருட்தந்தை போல் கஸ்பர்ஸ் தொடங்கிய சத்தியோதயம் இவ்வகையில் முன்னோடி. அதற்குப் பின் வந்தவற்றில் பல, வெளிநாட்டு அறக்கட்டளைகளின் மானியத்தை நம்பியே வாழ்ந்தன. கொழும்பிலிருந்து மானியம் வழங்கும் நீலன் திருச்செல்வம் நம்பிக்கை நிதியம் போன்ற உள்நாட்டு நிறுவனங்கள் எண்ணிக்கையில் குறைவு.

தேவை எவ்வளவு என்பதை அறிய ஓர் எண் போதும். 2016ஆம் ஆண்டின் குடித்தொகை மற்றும் சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதோர் நாடளாவிய ரீதியில் 17.3 வீதமாக இருக்க, தோட்டத் துறையில் 31.7 வீதமாக இருந்தனர். பிள்ளையின் உயரத்தைத் தீர்மானிப்பதில் தாயின் உடல்நிலைக்குப் பெரும் பங்குண்டு என்பதால், அமைப்பு தனது விண்ணப்பத்தில் பெண்களின் ஆரோக்கியத்தையே முதன்மைப்படுத்தியது. இரத்தச்சோகை, இரத்த அழுத்தம், நீரிழிவு, கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கான முன்பரிசோதனை ஆகியவற்றுக்குத் தோட்டப் பெண்களை பெண்களுக்கான முன்பரிசோதனைகளை நடத்தும் அரசின் சுகவனிதையர் கிளினிக்குக்குக் கொண்டு சேர்ப்பதே திட்டத்தின் நோக்கம். புதிதாக ஒரு மருத்துவ நிலையத்தைத் திறப்பதென்ற எண்ணம் தொடக்கத்திலேயே கைவிடப்பட்டது. அது சரியான முடிவு. அட்டனுக்கு அருகிலுள்ள டிக்கோயாவில் இந்திய அரசின் நன்கொடையில் கட்டப்பட்ட 150 படுக்கைகள் கொண்ட வைத்தியசாலை 2017 மே மாதத்தில் திறந்துவைக்கப்பட்டிருந்தது. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளும் இயங்கிக்கொண்டிருந்தன. கட்டடம் இருந்தும் பெண்கள் அங்கு போய்ச் சேராததே சிக்கல்.

ஒப்பந்தம்

மானியம் 60,000 டொலர், ஆண்டுக்கு 20,000 டொலர் வீதம் மூன்று தவணைகளில் வழங்கப்பட வேண்டும் என்பது உடன்பாடு. அறக்கட்டளை கேட்ட காகிதங்களின் பாரத்தைக் கண்டு அமைப்பின் நிர்வாகக் குழுவில் சிலர் சலித்துக்கொண்டனர். வெள்ளைக்காரர் நம்மை நம்புவதில்லை என்ற பேச்சும் எழுந்தது. அந்தக் கோபத்தில் ஒரு பகுதி நியாயமானது. ஆனால் காகிதங்களின் மூலம் வேறிடத்தில் இருக்கிறது. அமெரிக்காவின் 1969ஆம் ஆண்டு வரிச் சீர்திருத்தச் சட்டம் தனியார் அறக்கட்டளைகளுக்குக் கடுமையான விதிகளை வகுத்தது. தமது சொத்து மதிப்பில் ஏறத்தாழ 5 வீதத்தை அவை ஆண்டுதோறும் அறப்பணிக்கு வழங்கியாக வேண்டும். அமெரிக்கச் சட்டத்தின் கீழ் பொதுத் தொண்டு நிறுவனமாக அங்கீகரிக்கப்படாத வெளிநாட்டு அமைப்புக்குக் கொடுக்கும்போது, அதற்கு நிகரான தகுதி உண்டென்று தீர்மானித்துக்கொள்ளாவிடில், முன்கூட்டியே விசாரித்து, எழுத்து மூலம் உடன்பட்டு, பணத்தைத் தனி நிதியாக வைக்கச் செய்து, ஆண்டறிக்கை பெற்று, நோக்கத்துக்குச் செலவாகாததைத் திருப்பிப் பெறவும் வேண்டும். தவறினால் தண்ட வரி அறக்கட்டளையின்மீதே விழும். இதை யாராவது முதல் நாளிலேயே தமிழில் விளக்கியிருந்தால் பாதிச் சலிப்பு குறைந்திருக்கும்.

இலங்கைப் பக்கத்திலும் சுமை உண்டு. 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கத் தன்னார்வ சமூக சேவை அமைப்புகள் சட்டத்தின் கீழ்ப் பதிவு, மாவட்டச் செயலகத்துக்கும் பிரதேச செயலகத்துக்கும் திட்ட விவரம், வருடாந்தக் கணக்காய்வு ஆகியவற்றோடு, 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம் அரசசார்பற்ற நிறுவனம் பெறும் மானியத்தில் 3 வீதத்தை இலாபமாகக் கருதி அதன்மீது வரி விதிக்கிறது. இந்த வரியைத் தன் பணத்திலிருந்து செலுத்த அறக்கட்டளை உடன்படவில்லை. அமைப்புக்கு வேறு வருமானமும் இல்லை. முடிவில் அது அலுவலகச் செலவுத் தலைப்புக்குள் அடங்கியது. அந்தத் தலைப்போ மொத்தத்தில் பத்து வீதத்தைத் தாண்டக் கூடாதென்பது நிபந்தனை. வாடகை, மின்சாரம், கணக்காளருக்கான பகுதிநேரக் கொடுப்பனவு, கணக்காய்வுக் கட்டணம், வரி எல்லாம் அந்தப் பத்துக்குள் புக வேண்டியிருந்தது.

பேர் போகும் கிளினிக்

பணிமனையில் சுகவனிதையர் கிளினிக் காலையில் நடந்தது. தோட்டத்தில் பெண்கள் காலை ஏழரைக்குக் கொழுந்து பறிக்க மலைக்குப் போகிறார்கள். கிளினிக்குக்குப் போக வேண்டுமென்றால் லயத்திலிருந்து (தொழிலாளரின் வரிசை வீடுகள்) பெரிய பாதை வரை இறங்கி, பஸ் பிடித்து, டவுனில் வரிசையில் நின்று, திரும்புவதற்குள் பொழுது போய்விடும். அன்றைய பேர், அதாவது அந்த நாளின் சம்பளத்துக்கான வரவுப் பதிவு, போடப்படமாட்டாது. நாட்சம்பளம் 2021 மார்ச் மாதத்தில் 1,000 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டிருந்ததால், ஒரு நாள் பேர் போவதென்பது வீட்டுக் கணக்கில் உடனே தெரியும் இழப்பு. சம்பள உயர்வுக்குப் பின் பல தோட்டங்களில் நாளொன்றுக்குப் பறிக்க வேண்டிய கொழுந்தின் அளவு கூட்டப்பட்டதாகவும், வேலை நாட்கள் குறைக்கப்பட்டதாகவும் தொழிலாளர் முறையிட்டனர். தோட்டத்துக்குத் தோட்டம் மாறும் அந்த அளவு குறைந்தால் அரைப் பேர்தான், அதாவது அரை நாள் சம்பளம்தான். அதே ஆண்டில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது. செடிகள் சோர்ந்தன. நாட்டின் தேயிலை உற்பத்தி 2021இல் ஏறத்தாழ 299 மில்லியன் கிலோகிராமாக இருந்து 2022இல் ஏறத்தாழ 251 மில்லியனுக்கு இறங்கியது. மலையில் கொழுந்து இல்லாத நாளில் தராசு இரங்குவதில்லை. முழுப் பேர் கிடைக்கும் நாட்கள் அருகிப்போன காலத்தில், கிடைக்கும் ஒன்றையும் விட்டுவிட்டுப் பரிசோதனைக்கு வாருங்கள் என்று ஒருவர் எந்த முகத்தோடு அழைப்பது?

அறக்கட்டளையின் பாதீட்டில் விழிப்புணர்வுக் கூட்டங்களுக்கும் துண்டுப் பிரசுரங்களுக்கும் தாராளமாக இடம் இருந்தது. பெண்கள் அறியாமையால் வருவதில்லை என்ற ஊகத்தின்மீது எழுந்த பாதீடு அது. முதல் ஆறு மாதங்களில் கூட்டங்கள் நடந்தன, புகைப்படங்கள் போயின, பங்கேற்பாளர் எண்ணிக்கையும் இலக்கைத் தாண்டியது. கிளினிக் பதிவேட்டில் மட்டும் அசைவில்லை. கூட்டத்துக்கு வந்த பெண்கள் களப் பணியாளரிடம் முதலில் கேட்டது, அன்றைக்குப் பேர் போடுவார்களா என்பதைத்தான்.

இழந்த நாட்சம்பளத்தை மானியத்திலிருந்து ஈடுசெய்யலாமா என்று அமைப்பு கேட்டது. பரிசோதனைக்கு வருவதற்குப் பணம் கொடுப்பது தவறான பழக்கத்தை உண்டாக்கும் என்று அறக்கட்டளை மறுத்தது. இந்த ஆய்வின் கணிப்பில் மறுப்புச் சரி, காரணம் பிழை. மூன்று ஆண்டுகள் கொடுத்துவிட்டு நிறுத்தினால், நான்காம் ஆண்டில் வருகை பழைய நிலைக்கும் கீழே போயிருக்கும் என்பதுதான் உண்மையான இடர்.

வழி திறந்தது வேறொரு பக்கத்தில். களப் பணியாளர் ஒருவர் தாம் பணிசெய்த தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவர். கிளினிக்கைத் தோட்டத்துக்குள்ளேயே, மத்தியானக் கொழுந்தை எடைபோட்ட பிறகு, பிள்ளை மடுவத்தில் நடத்தினால் என்ன என்று அவர் அரசின் குடும்ப நல உத்தியோகத்தரிடம் (மருத்துவ மாது) கேட்டார். அந்த உத்தியோகத்தருக்கும் லயம் லயமாக ஏறி இறங்குவது பெரும்பாடாக இருந்ததால் அவர் மறுக்கவில்லை. சுகாதார வைத்திய அதிகாரி மாதத்தில் ஒரு பிற்பகலை ஒதுக்கினார். மீதி தோட்டத்துரையின், அதாவது தோட்ட முகாமையாளரின், கையில் இருந்தது. காலையில் மலைக்குப் போய்ப் பாதி நாள் கொழுந்து எடுத்துவிட்டு வரும் பெண்ணுக்கு முழுப் பேர் போடுவதற்கு அவர் இணங்கினார். தோட்டத்தின் ஒரு பிரிவில் மாதத்துக்கு ஒரு முறை, பட்டியலில் உள்ள பெண்களுக்கு மட்டும் என்பது வரையறை. தோட்டத்தின் தொழிற்சங்கத் தலைவர்மாரும் அந்தப் பேச்சில் உட்கார்ந்திருந்தனர்.

அந்தப் பிற்பகல்களின் உழைப்பு எங்கே போனது என்பதைச் சொல்ல வேண்டும். பிள்ளை மடுவத்தின் உள் அறையில் தொட்டில்களை ஒதுக்கி, ஜன்னலுக்குப் படங்கு கட்டி, மடக்குக் கட்டிலொன்றை விரித்து, மேசை விளக்கைப் பக்கத்தில் நிறுத்தி, கருப்பைக் கழுத்திலிருந்து மாதிரி எடுப்பதற்கான மறைவிடம் உண்டாக்கப்பட்டது. வெளித் திண்ணையில் எடை, உயரம், இரத்த அழுத்தம். பெண்கள் கொழுந்துக் கூடையைச் சுவரோரம் சாய்த்துவிட்டு, இடுப்பில் கட்டிய படங்கை அவிழ்த்து உதறி மடித்து வைத்து, குழாயடியில் கைகால் கழுவிக்கொண்டு வந்தார்கள். படிவங்கள் சிங்களத்தில் இருந்தன. களப் பணியாளர் ஒவ்வொரு கேள்வியையும் தமிழில் கேட்டு, பதிலை உத்தியோகத்தருக்குச் சிங்களத்தில் சொன்னார். அட்டைப்பலகையில் எழுதி நிறுத்தும் எந்த வாசகத்தைக் காட்டிலும், அந்தத் திண்ணையில் தெரிந்த முகம் ஒன்று இருந்ததே அச்சத்தைக் குறைத்தது. மூன்றாம் மாதத்தில் மாமியார்களும் வரத் தொடங்கினர்.

முடிவு திரும்பி வரும் பாதை

மாதிரி எடுப்பதோடு வேலை முடிவதில்லை. அது ஆய்வுகூடத்துக்குப் போய், வாரங்கள் கழித்துத் திரும்புகிறது. ஐயத்துக்குரிய முடிவு வந்த பெண்ணைத் தேடிப் பிடித்து, மேல் பரிசோதனைக்கு நுவரெலியாவுக்கோ கண்டிக்கோ அனுப்ப வேண்டும். இதற்கிடையில் அவர் பிறந்த வீட்டுக்குப் போயிருக்கலாம், கொழும்பில் வீட்டு வேலைக்குச் சேர்ந்திருக்கலாம், அல்லது கணவரிடம் சொல்லத் தயங்கி மறைத்துவிடலாம். கண்டி வரை போய்வர ஒரு நாள் முழுதும் வேண்டும், துணைக்கு ஒருவர் வேண்டும். அந்த நாளின் பேரை எந்தத் துரையும் போடமாட்டார்.

அறக்கட்டளையின் அறிக்கைப் படிவத்தில் பரிசோதிக்கப்பட்டோர் எத்தனை என்ற கட்டம் இருந்தது. முடிவைப் பெற்றுக்கொண்டோர் எத்தனை, மேல் சிகிச்சைக்குப் போய்ச் சேர்ந்தோர் எத்தனை என்ற கட்டங்கள் இல்லை. களப் பணியாளரின் நேரத்தில் பெரும் பகுதி படிவத்தில் இல்லாத இந்த வேலைக்கே போனது. ஆண்டிறுதி மதிப்பீட்டில் அவருடைய சம்பளச் செலவு பயனாளிகளின் எண்ணிக்கைக்கு ஒப்பிட அதிகம் என்று குறிக்கப்பட்டது. அறிக்கையை வாசித்தவரைக் குறைகூற முடியாது, அவருக்குக் கொடுத்த அளவுகோல் அப்படி. அமைப்பு இரண்டாம் ஆண்டில் தானாகவே மேலும் இரண்டு கட்டங்களைச் சேர்த்து அனுப்பியது. புற்றுநோய் முன்பரிசோதனைக்கு நிதி கொடுக்கும் எவரும் இந்த இரண்டையும் கேட்காமல் பணம் விடுவிக்கக் கூடாதென்பது இவ்வாய்வின் உறுதியான கருத்து. தொடர்பணிக்குப் பணம் இல்லாத முன்பரிசோதனை ஒரு பெண்ணிடம் பயத்தை மட்டும் விட்டுச் செல்கிறது.

ரூபாய் சரிந்த ஆண்டு

முதல் தவணை வந்தபோது டொலர் ஏறத்தாழ 200 ரூபாய், ஆகவே 20,000 டொலர் 40 இலட்சம் ரூபாயானது. 2022 மார்ச் மாதத்தில் ரூபாய் தளரவிடப்பட்டு, மே மாதத்துக்குள் டொலர் 360 ரூபாயைக் கடந்தது. இரண்டாம் தவணை அந்நேரம் வந்ததால் அதே 20,000 டொலர் 72 இலட்சமாகக் கணக்கில் ஏறியது. அறக்கட்டளையின் நிதிப் பிரிவு இதை 32 இலட்சம் ரூபாய் நாணயமாற்று ஆதாயம் என்று பார்த்து, அதற்கு மறுபாதீடு கேட்டு, அனுமதி கிடைக்கும் வரை மேலதிகத் தொகையைத் தொடக் கூடாதென்றது.

தோட்டத்தில் நடந்ததோ வேறு. அந்த ஆண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 70 வீதத்தை அண்மித்தது, உணவுப் பணவீக்கம் 95 வீதத்தைத் தொட்டது. எரிபொருளுக்கு வரிசை, பஸ்கள் குறைவு, திரீவீலர் கட்டணம் கேட்ட விலை. தாய்மாருக்கும் பிள்ளைகளுக்கும் அரசு வழங்கும் சத்துமாவான திரிபோஷாவுக்கும் தட்டுப்பாடு. களப் பணியாளரின் மாதச் சம்பளம் ரூபாயில் நிர்ணயிக்கப்பட்டிருந்ததால் பாதி மதிப்பை இழந்திருந்தது. முதல் தவணையில் மிஞ்சிய பணமும் வங்கியில் ரூபாயாகவே கிடந்து கரைந்தது. இழப்புக்கு ஒப்பந்தத்தில் வார்த்தை இல்லை, ஆதாயத்துக்கு மட்டும் இருந்தது. அனுமதி வருவதற்குள் ஒரு களப் பணியாளர் வேலையை விட்டு மாலைதீவுக்குப் போய்விட்டார். அவரோடு இரண்டு பிரிவுகளின் பெண்களுடைய முடிவுகளைத் தேடிச் சேர்க்கும் பாதையும் அறுந்தது. பாதீட்டை ரூபாயில் எழுதி மானியத்தை டொலரில் தரும் ஒப்பந்தங்களில், மாற்றுவீதம் குறிப்பிட்ட அளவுக்கு மேல் நகர்ந்தால் சம்பளத் தலைப்பு தானாகத் திருத்தப்படும் என்ற ஒரு வரி இருந்திருந்தால் இது நேர்ந்திருக்காது.

சமூக சேவைப் பகுதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனெனில் அது அதிகச் சிக்கலின்றி நடந்தது. பிறப்புச் சான்றிதழ் இல்லாதோர், சிங்களத்தில் ஒருவிதமாகவும் தமிழில் வேறுவிதமாகவும் பெயர் பதியப்பட்டோர், அடையாள அட்டை எடுக்காத முதியோர் ஆகியோரைக் கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலகத்திடமும் கூட்டிச் சென்று ஆவணம் பெற்றுக் கொடுப்பதே வேலை. 2023 ஜூலையில் சமுர்த்தி என்ற அரசின் நலன்புரி உதவிக்குப் பதிலாக அஸ்வெசும கொடுப்பனவு தொடங்கியபோது, அட்டை உள்ளவர்களும் இல்லாதவர்களும் பிரிந்து நின்ற வரிசையில் இந்த வேலையின் பயன் கண்கூடாகத் தெரிந்தது. மானியத்தில் மிகச் சிறிய தலைப்பு இது.

மானியம் முடிந்த பின்

2024 நடுப்பகுதியில் மானியம் நின்றது. விழிப்புணர்வுக் கூட்டங்கள் அத்தோடு நின்றன. பிள்ளை மடுவக் கிளினிக் சில பிரிவுகளில் தொடர்ந்தது, ஏனெனில் அது குடும்ப நல உத்தியோகத்தரின் மாத அட்டவணையில் ஏறியிருந்தது. ஒரு தோட்டத்தில் துரை மாற்றலாகிப் போக, புதிதாக வந்தவர் கிளினிக் நாளுக்கு அரைப் பேர்தான் என்றார். முந்தியவரின் இணக்கம் வாய்ச்சொல்லாக இருந்ததால் எடுத்துக்காட்டுவதற்கு எதுவும் இல்லை. முதலாளிமார் சம்மேளனத்துக்கும் தொழிற்சங்கங்களுக்கும் இடையிலான கூட்டு ஒப்பந்தம் உயிரோடு இருந்திருந்தால் இத்தகைய ஏற்பாட்டை அதற்குள் கொண்டுவர முயன்றிருக்கலாம். அது 2021 ஜனவரியோடு காலாவதியாகி, சம்பளம் அரசின் சம்பளச் சபையின் தீர்மானத்துக்குப் போய்விட்டது. வேலை நிபந்தனைகளைப் பேசும் மேசை அதன் பிறகு இல்லை. 2024 செப்டெம்பரில் நாட்சம்பளம் 1,350 ரூபாயான பிறகு, போன பேரின் விலையும் அவ்வளவுக்குக் கூடியது.

ஆகவே இரண்டாம் விண்ணப்பத்தில் அமைப்பு துண்டுப் பிரசுரங்களை வெட்டிவிட்டு, கம்பனி நிர்வாகத்துடனும் தொழிற்சங்கங்களுடனும் பேசி, மாதத்தில் ஒரு கிளினிக் பிற்பகலுக்கு முழுப் பேர் என்பதை எழுத்தில் பெறுவதற்கான ஒரு செலவுத் தலைப்பைக் கேட்டது. அறக்கட்டளையின் சட்ட ஆலோசகர் தயங்கினார். சட்டமியற்றலில் செல்வாக்குச் செலுத்துவதற்கு மானியத்தை ஒதுக்கினால் தண்ட வரி விழும் என்பது அமெரிக்க விதி. தோட்டக் கம்பனி ஒரு தனியார் தொழில்வழங்குநர், அதனிடம் கிளினிக் நேரம் கேட்பது எந்த நாட்டின் சட்டமன்றத்தையும் அணுகுவதாகாது என்று அமைப்பு பதில் எழுதியது. பிரதேச சபையிடமோ அமைச்சிடமோ சட்டத் திருத்தம் கோரி இப்பணத்தில் மனுக் கொடுப்பதில்லை என்ற உறுதியையும் சேர்த்தது. ஆலோசகர் அதை ஏற்றுக்கொண்டு எழுத்தில் உறுதிப்படுத்திய பின்னரே, அந்தச் செலவுத் தலைப்பு புதிய ஒப்பந்தத்தில் இடம்பெற்றது.